தலைவலியும் தாடையும்

அன்புள்ள ஐயா,

தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்தான். மாலையானால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல வலிக்கிறது. தைலம் தேய்த்தும் அடங்காமல் மாத்திரை போடுகிறேன். கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முகத்தை நாமே பிடித்துவிட்டால் பலன் உண்டா? 62 வயதான என் அம்மாவுக்கும் ஒரு வாரமாகப் பொட்டு வலிக்கிறது, சீப்பு பட்டாலே நோகிறது என்கிறார். அவருக்கும் செய்துவிடலாமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்களுக்குப் பலன் இருக்கும். ஆனால் வலிக்கிற இடமும் இறுகியிருக்கிற இடமும் வேறு வேறாக இருக்கலாம்.

பொட்டில் விரல் வைத்துக் கடைவாய்ப் பற்களைக் கடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு தசை புடைக்கும். காதுக்கு மேலே பரந்து கிடக்கும் மெல்லும் தசை அது. கன்ன எலும்பிலிருந்து தாடை மூலை வரை இன்னொன்று. வாய் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் படக்கூடாது. கணக்குப் பார்க்கிற மும்முரத்தில் பலரும் தெரியாமலே கடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த இறுக்கத்தின் வலி புருவத்துக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும் ஏறும். பழுதே இல்லாத பல்லைக் காட்டப் பல் மருத்துவரிடம் போகிறவர்கள்கூட உண்டு.

அதனால் கன்னத்தில் தொடங்குங்கள். பல் படாமல் தாடையைத் தொங்கவிட்டு, மூன்று விரல் நுனிகளைக் கன்ன எலும்புக்குக் கீழே வைத்து அமுக்குங்கள். தேய்க்க வேண்டாம். மூச்சை மெல்ல விட்டபடி அரை நிமிடம் பொறுத்தால் தசை இளகுவது விரலுக்கே தெரியும். அப்படியே தாடை மூலை வரை உருவிவிடுங்கள். பிறகு, முடிக்குள் விரலை விட்டுக் காதுக்கு மேலும் அதேபோல.

பிடரியை விட்டுவிடாதீர்கள். திரையை நோக்கி முகத்தை நீட்டியே உட்காருவதால் மண்டையோட்டின் அடிவிளிம்பில் உள்ள சிறு தசைகள் சுருங்கிப்போகின்றன. அந்த வலி கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். மல்லாந்து படுத்து விரல்களை அங்கே முட்டுக்கொடுத்தால் போதும், தலையின் பாரமே அமுக்கிக்கொள்ளும். கழுத்தின் முன்பக்கம் நாடி துடிக்கும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். இவ்வளவும் செய்துவிட்டுத் திரும்பப் பல்லைக் கடித்தால் மறுநாளும் வலிதான். மானிட்டர் ஓரத்தில் 'பல்' என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.

மாத்திரை போடும் நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சில மாதம் தொடர்ந்து போட்டால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

அம்மாவுக்கு மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டு வலியும், சீப்பு பட்டால் நோவும் வந்தால் பொட்டு ரத்தக்குழாயில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் ஊரில் அரிதான நோய், ஆனால் சிகிச்சை தாமதித்தால் பார்வை போய்விடும், போனது பெரும்பாலும் திரும்பாது. மெல்லும்போது தாடை கடுக்கிறதா, கண் மங்கி மங்கித் தெளிகிறதா என்று இன்றே கேளுங்கள். கண் மங்கினால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இல்லையென்றாலும் நாளைக் காலையே பொதுமருத்துவரிடம் காட்டி, இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.