வாகனக் கேள்வி பதில்: மழை விட்ட பிறகு அலறும் வான்

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறேன். ஜப்பானில் பாவித்து இங்கு இறக்குமதியான பழைய வாகனம். அலாரத்தை நான்கு வருடங்களுக்கு முன் டவுனில் பொருத்தினேன். கடந்த இரண்டு மாதங்களாக நள்ளிரவு தாண்டியதும், யாரும் கிட்டப் போகாமலே சைரன் அலறுகிறது. சில இரவுகளில் மூன்று தடவை, சில நாட்களில் ஒன்றுமே இல்லை. மழை பெய்து விட்ட இரவுகளில்தான் அதிகம் என்று என் மனைவி சொல்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவதால், விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்களின் தூக்கமும் கெடுகிறது. ரிமோட்டுக்குப் புது பெட்டரி போட்டும் பயனில்லை. கராஜில் சைரன் வயரை வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டிவிடலாமா, ஐயா?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: வெட்ட வேண்டாம். வயரை வெட்டினால் சத்தம் நிற்கும், சத்தத்துக்குக் காரணமான பழுது அப்படியே உள்ளே இருக்கும். உங்களுடையது பிள்ளைகள் ஏறும் வாகனம் என்பதால், அந்தப் பழுது என்னவென்று தெரியாமல் மூடி மறைப்பது ஆபத்தானது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அலாரப் பெட்டிக்குக் கதவுகள், பொனட், டிக்கி, அதிர்வை உணரும் சென்சர் ஆகியவற்றிலிருந்து தனித்தனி வயர்கள் போகின்றன. பல அலாரங்கள் பெட்டரியின் மின்னழுத்தம் திடீரென்று இறங்குவதையும் கவனித்துக்கொண்டே இருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று “திறந்துவிட்டார்கள்” அல்லது “தட்டிவிட்டார்கள்” என்று செய்தி அனுப்பினால் சைரன் ஒலிக்கும். ஆகவே, எந்த வயர் பொய்ச் செய்தி அனுப்புகிறது என்பதைப் பிடிப்பதுதான் வேலை. உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி உங்கள் மனைவி கவனித்ததுதான். மழை விட்ட பிறகு அலறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பொனட் சுவிட்ச்.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கத்து மலைச் சரிவுகளில்தான் கொட்டுகிறது. பொனட் சுவிட்ச், இயந்திர அறையின் ஓரத்தில், பெரும்பாலும் தண்ணீர் வழிந்தோடும் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது ஒரு ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் சின்னப் பின், அவ்வளவுதான். பொனட்டை மூடினால் பின் அழுந்தித் தொடர்பு விலகும், திறந்தால் பின் எழும்பி வயரை வாகனத்தின் உலோக உடலோடு சேர்த்துவிடும். துருப்பிடித்த சுவிட்சுக்குள் ஈரம் புகுந்தால், பொனட் மூடியிருக்கும்போதே அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் கசியும், அலாரம் அதைப் “பொனட் திறந்திருக்கிறது” என்று எடுத்துக்கொள்ளும். மாலையில் வாகனத்தை நிறுத்தும்போது இயந்திரத்தின் சூடு அந்த இடத்தை உலர வைத்திருக்கிறது. நள்ளிரவுக்குள் அந்தச் சூடு ஆறி, ஈரக் காற்று குளிர்ந்த இரும்பின் மேல் துளித்துளியாகப் படிகிறது. நள்ளிரவு தாண்டியதும் அலறுவதும், பகலில் கராஜில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதும் இதனால்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அலாரத்தை நிறுத்திவிட்டுப் பொனட்டைத் திறந்து, சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரைத் தடையை அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சுவிட்சிலும் மறு முனையை வர்ணம் பூசாத ஓர் உலோகப் பகுதியிலும் பிடித்துக்கொண்டு, பின்னை விரலால் முழுவதும் அழுத்துங்கள். நல்ல சுவிட்ச் என்றால், முனைகள் ஒன்றையொன்று தொடாதபோது மீட்டர் காட்டும் அதே குறிதான் இப்போதும் தெரிய வேண்டும். பிறகு அரைக் கோப்பைத் தண்ணீரை அந்தச் சுவிட்சின் மேல் மட்டும் மெதுவாக ஊற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். எண் ஏதாவது தோன்றினால் திருடன் அகப்பட்டுவிட்டான். மீட்டர் கிடைக்காவிட்டால், கழற்றிய வயரின் நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மழைக்கால இரவுகள் மூன்று நான்கு அப்படியே விட்டுப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் விடை அதுவே. ஒரு விடயம்: தொழிற்சாலையிலேயே அலாரம் பொருத்தி வரும் சில வாகனங்களில் இந்தச் சுற்று எதிர்மாறாக வேலை செய்யும், அவற்றில் வயரைக் கழற்றினாலே அலாரம் அடிக்கும். வெளியில் பொருத்திய உங்களுடைய அலாரத்தில் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இராது.

சுவிட்ச் உலர்ந்திருந்தும் அலறுகிறது என்றால், பின் போதுமான அளவு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ரொட்டிக்குப் பிசைந்த மாவில் சுண்டைக்காய் அளவு எடுத்துப் பின்னின் தலையில் ஒட்டி, பொனட்டை மூடித் திறந்து பாருங்கள். மா தட்டையாக நசுங்கியிருந்தால் பொனட் பின்னை நன்றாக அழுத்துகிறது. உருண்டை உருண்டையாகவே இருந்தால், பின் தொட்டும் தொடாமலும் நிற்கிறது என்று பொருள். அப்போது காற்று பொனட்டைச் சற்று அசைத்தாலும் தொடர்பு ஏற்பட்டுவிடும். சுவிட்சைத் தாங்கும் தகட்டைச் சற்று உயர்த்தினால் போதும். துருப்பிடித்த சுவிட்சைச் சுரண்டிப் பாவிப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது, விலையும் பெரிதல்ல. புதியதைப் பொருத்தும்போது, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, இறுக்கிய பிறகு வெளிப்பக்கம் கொஞ்சம் வெசலின் தடவி, ரப்பர் மூடி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சுவிட்சில் குறை இல்லாவிட்டால் பெட்டரியைப் பாருங்கள். பாடசாலை வான் ஓடும் விதமே பெட்டரிக்குப் பகை. கொஞ்சத் தூரம், அடிக்கடி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட், மூடுபனிக்குப் பகலிலும் விளக்கு, மழைக்கு வைப்பர், கண்ணாடி மங்காமலிருக்கக் காற்றாடி என்று எடுப்பது அதிகம், திரும்பிச் சேர்வது குறைவு. குளிரிலும் பெட்டரியின் வலு குறையும். இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம், 12 என்றால் அநேகமாக வெறுமை. விடியற்காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுக்கும் அளவுதான் உண்மையைச் சொல்லும். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் குறை, பெட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் அல்டர்னேட்டர் பக்கம். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், எதிர்முனையை (மைனஸ்) முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவித் துடைத்து இறுக்குங்கள்.

கதவுகளைச் சோதிக்க மீட்டரே வேண்டாம். இருட்டியதும் உள்ளே உட்கார்ந்து, கதவுகளை மூடி, உள் விளக்கு அணைந்த பிறகு ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து அசைத்துப் பாருங்கள். விளக்கு ஒருகணம் மினுங்கும் கதவே குற்றவாளி. பிள்ளைகள் நாள் முழுவதும் இழுத்தடிக்கும் தள்ளு கதவை இரண்டு தடவை பாருங்கள்.

சைரனுக்கு உள்ளேயே தனிப் பெட்டரி இருக்கும் வகைகளும் உண்டு. அந்தச் சின்னப் பெட்டரி பழசாகி ஒழுகினால் சைரன் தன் பாட்டில் கத்தும். என்னுடைய ஜீப்பில் ஒரு முறை எல்லா வயரையும் பார்த்துவிட்டு, கடைசியில் சைரனைத் திறந்தபோது சர்க்கிட் பலகை முழுவதும் பச்சை பூத்துக் கிடந்தது. சைரனை மாற்றியதோடு அது தீர்ந்தது.

இப்போது முதலில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். வெளியில் பொருத்தும் அலாரங்கள் பெரும்பாலானவற்றில், திருடன் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்ய முடியாதபடி தடுக்க ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், உண்டு. அதைச் சேர்ப்பதற்காக, சாவியிலிருந்து போகும் வயரையோ எரிபொருள் பம்பின் வயரையோ நடுவில் வெட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்தை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தால், நம் ஊர் ஈரத்தில் சில வருடங்களில் டேப் இளகி, செம்பு பச்சை பிடித்துவிடும். அலாரப் பெட்டியை வாகனத்தின் உலோக உடலோடு இணைக்கும் ஏர்த் வயர் அப்படித் தளர்ந்தாலும் பொய் அலறல் வரும். ரிலேயின் இணைப்பு அப்படித் தளர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடலாம். இறக்கத்தில் இயந்திரம் நின்றால், பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டொரு மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வளைவில், பின்னால் பிள்ளைகளோடு, அந்த நிலை வரவே கூடாது. ஆகையால், ஓடும்போது இயந்திரம் ஒரு தடவையாவது விக்கியதா என்று நினைத்துப் பாருங்கள். விக்கியிருந்தால், இணைப்புகளைப் பார்க்கும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள். விக்காவிட்டாலும், தெரிந்த ஓட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் டாஷ்போர்டின் அடிப்பகுதியைத் திறக்கச் சொல்லி, டேப் சுற்றிய ஒவ்வோர் இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு ரயில் பாதைக்கு அருகில் இருக்கிறது. இரவில் ரயில் போகும்போதெல்லாம் காரின் அலாரம் அடிக்கிறது. பகலில் அடிப்பதில்லை.
(வாசகி, நானுஓயா)

பதில்: அதிர்வு சென்சரின் கூர்மை அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. பகலில் காரை வெளியே கொண்டுபோய்விடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். கூர்மையைக் குறைக்கும் பக்கம் அதைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அலாரத்தைப் போட்டு ஒரு நிமிடம் பொறுத்து, டயரை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். மெதுவாகத் தட்டினால் பேசாமலும், பலமாக அடித்தால் அலறியும் இருக்க வேண்டும். பெட்டி ஆடாமல் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தளர்ந்து தொங்கும் சென்சரை எவ்வளவு திருகினாலும் சரிவராது.

கேள்வி: பெட்டரியை மாற்றும்போது முனையைத் தொட்டதுமே சைரன் அலறத் தொடங்கியது. பயந்து மறுபடியும் கழற்றிவிட்டேன். என்ன செய்வது?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், தன்னை யாரோ துண்டித்தார்கள் என்று பல அலாரங்கள் எடுத்துக்கொள்ளும். அது பழுதல்ல. கழற்றாமல் எதிர்முனையையும் இறுக்கி முடித்துவிட்டு, ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். நிற்காவிட்டால் ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டித் திறந்து, சாவியைப் போட்டு “ஓன்” நிலைக்குத் திருப்புங்கள். இனிமேல் பெட்டரி மாற்றும்போது சாவியும் ரிமோட்டும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், வாகனத்துக்குள் வைத்துவிடாதீர்கள். முனையைத் தொட்டதும் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் வாகனங்களும் உண்டு.