ஆடு களவு போனால் துப்புக்கூலியா, புகார் மனுவா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். சென்ற வாரம் இரவில் என் கொட்டிலிலிருந்து இரண்டு ஆடுகள் களவு போயின. ஸ்டேஷனுக்குப் போனால் அலையவிடுவார்கள், துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். என்ன செய்வது?

பதில்: துப்புக்கூலி கொடுக்காதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்டைத் திருப்பித் தருகிறவருக்கு அடுத்த மாதமும் உங்கள் கொட்டிலுக்கு வழி தெரியும்.

பெரியவர்களின் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆண்கள் இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுத்த கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது, அச்சம் ஒழியவில்லை. அதைப் போக்கும் பொறுப்பு முதலில் காவல்துறைக்குத்தான். ஆனால் உங்கள் ஆடுகள் அதுவரை காத்திருக்காது.

மனு எழுதுங்கள். ‘ஆடு காணவில்லை’ என்று ஒரே வரியில் முடிக்கவேண்டாம். நிறம், கொம்பு, காது வெட்டு, காப்பீட்டு வில்லை இருந்தால் அதன் எண், கடைசியாகப் பார்த்த நேரம் எல்லாம் வரட்டும். ஒரு வாரம் தாமதமானதற்குக் காரணத்தையும் எழுதிவிடுங்கள். சந்தை விலையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டை நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீசார் புலனாய்வு செய்ய முடியாது. கொட்டில் சுவரும் கூரையும் உள்ள கட்டடமா என்பதையும் எழுதுங்கள். பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்கு 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

மனுவைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேளுங்கள். செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஓர் அம்மா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு மடித்து வைத்திருந்தார். எண் இருந்த மூலை சுண்ணாம்பு பட்டு அழிந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்: வாங்கிய கையோடு போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அந்த ரசீது மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்கு என்பது முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான். அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனுவைத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். யார்மீதாவது சந்தேகம் இருந்தால் பெயரை மனுவில் எழுதுங்கள். இளைஞர்கள் ஆளைப் பிடித்து மரத்தில் கட்டினால், ஆட்டைப் பறிகொடுத்தவர்களே குற்றவாளிகளாக நிற்க நேரும்.

இனி ஊருக்காக ஒரு வேலை. இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டாப் புத்தகம் உங்கள் ஊரில் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பஸ் நிறுத்தத்திலோ முக்கியப் புள்ளி வீட்டு வாசலிலோ இருக்கும். ஆடு களவு போகிற கடைசித் தெருவில் இருக்காது. அங்கேயும் ஒன்று வைக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆய்வாளரிடம் கொடுங்கள். கொடுக்கப் போகும்போது காலனியிலிருந்தும் பெண்களிலிருந்தும் ஆட்கள் உடன் வரட்டும். ஸ்டேஷனில் எப்போதும் அதே நான்கு பெரிய மனிதர்களின் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

அறுபட்ட கயிறு கொட்டிலில் இன்னும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். விசாரிக்க வரும் காவலரிடம் காட்டுங்கள்.