நாயோடு வன்னியில் ஒரு சனி ஞாயிறு

கேள்வி: நானும் என் சினேகிதியும் யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறோம். ஆகஸ்ட்டில் ஒரு சனி ஞாயிறு வன்னிப் பக்கம் போய், குளக்கரையில் ஆறுதலாக இருந்துவிட்டு வர ஆசை. எங்கள் நான்கு வயது பொமரேனியன் கலப்பு நாயும் வரும். எங்கே தங்கலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மாதத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஆகஸ்ட்டில் வன்னி காய்ந்து கிடக்கும். சோளகம் என்ற தென்மேல் காற்று புழுதியை வாரி அடிக்கும். மத்தியான வெயில் 35 பாகையைத் தொடும். பெப்ரவரி, மார்ச்சில் மாரி மழை ஓய்ந்து குளங்களில் தண்ணீர் நிற்கும், காலபோகம் என்ற மாரிக்கால நெல்லின் அறுவடை நடக்கும், விடியற்காலை இதமாக இருக்கும். அடர்ந்த மயிருள்ள நாய்க்கு அதுதான் காலம்.

ஆகஸ்ட்தான் முடியும் என்றால், நாயின் நேரத்துக்கு ஏற்றபடி உங்கள் நாளை வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்குள் ஒரு நடை, மாலை ஐந்துக்குப் பிறகு இன்னொன்று. இடையில் நிழல், பாய், கதை, தூக்கம். ஆறுதல் தேடிப் போகிற உங்கள் இருவருக்கும் இது பொருந்தும். அதனால்தான் ஒரே இடத்தில் தங்குங்கள் என்கிறேன். இரணைமடு, வவுனிக்குளம், நந்திக்கடல் என்று இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால், நாய் வாகனத்துக்குள் இரைத்தபடியே கிடக்கும். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கே நாயைக் கொண்டுபோக முடியாது.

என் தெரிவு முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம். ஏ9 வீதியில் மாங்குளம் வரை வந்து கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான். குளம் அங்கிருந்து கிட்ட. வேலி அடைத்த வளவோடு ஒரு வீடு தேடுங்கள். பேசும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: அவிழ்த்துவிட்ட நாய் இருக்கிறதா, எலிப் பாஷாணம் வைத்திருக்கிறார்களா? நெல் மூட்டை அடுக்கிய வீடுகளில் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் போல நீங்களும் நிறுத்துவீர்கள். ஒருவர் கும்பிட்டு, கச்சான் வாங்கி வரும்வரை மற்றவர் நாயோடு மர நிழலில் நில்லுங்கள். யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு நாயை உள்ளே விட்டுப்போவது கூடவே கூடாது. அந்த வெயிலில் பத்து நிமிடத்துக்குள் வாகனத்தின் உள்வெப்பம் 45 பாகையைத் தாண்டிவிடும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் தடித்து, நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே வயிறு, தொடை இடுக்கு, கால்கள் நனைய சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஈரத் துவாயால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். குளிர்ச்சி என்று மயிரை ஒட்ட வழிப்பதும் பிழை. அந்த மயிர் வெயிலையும் தடுக்கிறது.

நடைக்குக் குளக்கட்டு நல்லது. குளக்கட்டிலிருந்து இறங்கி, தண்ணீர் விளிம்பான அலைகரைக்குப் போகாதீர்கள். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற முதலைகள் எஞ்சிய நீரில் ஒதுங்கும். கரையில் தண்ணீர் குடிக்கும் சின்ன நாய் அவற்றுக்கு இலகுவான இரை. குடிக்கக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோங்கள்.

காட்டோரத்தில் நாயை ஒருபோதும் அவிழ்த்துவிட வேண்டாம். காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியும் கம்பிச் சுருக்கும் கிடக்கலாம். யானையைக் கண்டு குரைக்கும் நாய், யானை துரத்தினால் உங்களிடம்தான் ஓடிவரும். கண்ணிவெடி அகற்றி முடியாத துண்டு நிலங்களும் வன்னியில் இன்னும் உண்டு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைத் தாண்டி ஓடிய நாயின் பின்னால் நீங்கள் போக முடியாது. இரண்டு மீற்றர் கயிறு போதும்.

அடுத்தது உண்ணி. மாடு படுத்தெழும்பும் புல்லில் அது தாராளம். உண்ணி மருந்தைப் புறப்பட இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் போட்டால் முழுப் பலன் இராது. அப்புறம் ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒருவர் நாயைப் பிடிக்க, மற்றவர் விரலால் தடவிப் பாருங்கள்: காது மடிப்பின் உள்ளே, விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ், வாலடி. பயறளவில் ஏதும் தட்டுப்பட்டால், சிறிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். மண்ணெண்ணெய் தேய்ப்பதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் உண்ணியை இன்னும் துப்பவைக்கும், நோய் பரவும் ஆபத்தும் கூடும்.

சாப்பாடு வீட்டுப் பழக்கமே இருக்கட்டும். வெங்காயம் போட்ட கறியும் மீன் முள்ளும் வேண்டாம். விசர்நோய்த் தடுப்பூசி ஒரு வருடத்துக்குள் போட்டதா என்று அட்டையைப் பாருங்கள். அரச மிருக வைத்திய அலுவலகம் சனி ஞாயிறில் திறந்திருக்கும் என்று நம்பாமல், அந்த நாட்களிலும் பார்க்கக்கூடிய வைத்தியர் ஒருவரின் இலக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து மூன்று வாரம் அவதானியுங்கள். நாய் சாப்பாட்டை ஒதுக்கினால், பல் முரசு (ஈறு) வெளுத்தால், சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வன்னிக்குப் போய்வந்ததைச் சொல்லி, அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள்.