மேடான நகரங்களில் வாடகை சைக்கிள் திட்டங்கள் ஏன் திணறுகின்றன?

வாடகை சைக்கிள் திட்டம் என்றால், ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்து இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். சிக்கல் அந்த இன்னொரு நிலையத்தில்தான் இருக்கிறது.

சமதளத்தில் மிதிப்பவர் காற்றோடும் டயரின் உரசலோடும் மட்டும் மல்லுக்கட்டுகிறார். மேட்டில் தன் எடையையும் சைக்கிளின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலை கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும். தொடைக்குத்தான் உண்மை தெரியும். நிறைகுடத்தோடு தெருவில் நடப்பதற்கும் மாடிப்படி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. போதாக்குறைக்கு, மழையையும் முரட்டுக் கைகளையும் தாங்கும்படி செய்த பொதுச் சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் கனக்கும்.

இதனால் இறங்குவதற்கு எல்லோரும் சைக்கிள் எடுக்கிறார்கள். திரும்பி ஏறுவதற்கு மெட்ரோவோ பஸ்ஸோ போதும் என்கிறார்கள். மழைநீர் போலச் சைக்கிள்கள் பள்ளத்தில் தேங்குகின்றன. பாரிசில் 2007இல் தொடங்கிய வெலிப் திட்டத்துக்கு மோன்மார்த்ர் குன்று இப்படித்தான் தலைவலியானது. கீழே சேர்ந்த சைக்கிள்களை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். மேட்டு நிலையத்தில் விடுவோருக்கு 15 நிமிடம் கூடுதல் இலவச நேரமும் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கால்வலிக்கு அது மிகக் குறைந்த கூலி. 2018இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது மிதிக்க மின்மோட்டார் கைகொடுக்கும் சைக்கிள்களும் சேர்ந்தன.

ஏறும்போது செலவான சக்தி இறங்கும்போது முழுதாகத் திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்னலுக்கும் திருப்பத்துக்கும் பிரேக் பிடிக்கும் நகரச் சாலையில் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெறும் சூடாகப் போய்விடுகிறது.