கொங்குப் பகுதியில் குழந்தைகளோடு நட்சத்திரம் பார்க்க எந்த மலைக்குப் போகலாம்? எப்போது போகலாம்?

எங்களுக்குத் திருச்செங்கோடு. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் அத்தை என்று ஐந்து பேரும் வருசம் தவறாமல் கொல்லிமலையில் ஒரு ராத்திரி தங்கி வானம் பார்த்துவிட்டு வருகிறோம். அதனால் கொல்லிமலையையே சொல்வேன். ஆனால் எந்த மலை என்பதைவிட எந்த ராத்திரி என்பதுதான் முக்கியம்.

முதல் தடவை இது தெரியாமல், லீவு கிடைத்ததே என்று சித்ரா பௌர்ணமியை ஒட்டிப் போய்விட்டோம். அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மேலே போனால் ஊரெல்லாம் நிலா வெளிச்சம். நாங்கள் தங்கிய விடுதி முற்றத்தில் போதாக்குறைக்கு நாலு பெரிய ஃபோகஸ் லைட். எண்ணினால் முப்பது நட்சத்திரம் தேறியிருக்காது, எங்கள் மொட்டை மாடியில் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட.

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு நிலா நடுராத்திரி தாண்டித்தான் எழும். அதிலிருந்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை வரை முன்னிரவு இருட்டு நமக்குத்தான். மாதத்தில் தை முதல் பங்குனி வரை. ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்து மலைமேல் கவிழ்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆகஸ்ட் 12, 13-இல் எரிகல் மழை பாருங்கள் என்று வருசா வருசம் செய்தி வரும். அதை நம்பி இங்கே மலையேறினால் பெரும்பாலும் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நட்சத்திரம் பார்ப்பது பற்றி நாம் படிப்பதில் பாதி வடக்கு நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி என்பார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் (டிகிரி). ஆகவே இங்கே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 11 பாகைதான் ஏறி நிற்கும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் வருகிற அகலம் சுமார் பத்துப் பாகை. ஒரு கைமுட்டி உயரம்தான், வடக்கே மலையோ மரமோ இருந்தால் மறைந்துவிடும். (ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 1970-இல் கட்டி முடித்தது. அங்கே மலைச்சரிவும் இதே 11 பாகைதான். பூமியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருப்பதால் அந்த நீண்ட தொலைநோக்கி அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். இதைச் சொன்னபோது பாப்பா கைமுட்டியை மடக்கி மறுபடியும் அளந்து பார்த்தாள்.)

நம் சொத்து தெற்கே இருக்கிறது. பங்குனி முன்னிரவில் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம், வானத்திலேயே இரண்டாவது பிரகாசமானது. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. நடுராத்திரி தாண்டினால் திரிசங்கு, நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி. அதற்குக் கொஞ்சம் மேலே, கிழக்கே தள்ளி, மங்கலான ஒரு புள்ளி. பைனாகுலரில் பார்த்தால் மாவு சிந்தின மாதிரி இருக்கும். ஒமேகா சென்டாரி என்கிற கொத்து அது. சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு கோடி நட்சத்திரம் அளவுக்கு.

பிள்ளைகளைக் கட்டிப்போட நான் கண்ட வழி ஜென்ம நட்சத்திரம். நம் வீடுகளில் எல்லாருக்கும் அவரவர் நட்சத்திரத்தின் பெயர் தெரியும். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு சொல்கிறோம். கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? எங்கள் பையன் ரோகிணி. ஒரு வருசம் போனபோது அது மேற்கே செக்கச்செவேல் என்று நின்றது. வீட்டுக்காரர் மகம், அது தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அத்தைக்குக் கார்த்திகை, அந்தச் சிறு கொத்தில் அவருக்கு நாலுதான் தெரிந்தது, பாப்பா ஏழு எண்ணினாள். பாப்பா சித்திரை. "என்ற நட்சத்திரம் எங்கம்மா?" என்று எட்டு மணியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "பொறு சாமி, வந்துரும்" என்று அத்தை மடியில் படுக்க வைத்துக்கொண்டார். ஒன்பதேகாலுக்குக் கிழக்கு மலை விளிம்பில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று ஏறியது. யாரும் சொல்லாமலே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பூரட்டாதி, உத்திரட்டாதிக்காரர்கள் பங்குனியில் வராதீர்கள், அப்போது சூரியன் அந்தப் பக்கம்தான் இருக்கும். தை மாதம் முன்னிரவில் மேற்கே பாருங்கள், இரண்டும் சேர்ந்து பெரிய சதுரமாக நிற்கும். ரேவதி ரொம்ப மங்கல், நல்ல இருட்டு வேண்டும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிசம் ஆகும். நடுவில் ஒருத்தர் செல்போனை ஒரு தடவை தட்டினாலும் அந்த அரைமணி போச்சு. டார்ச் கண்ணாடியில் சிவப்புக் கலர் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே "ஒன்பது மணிக்கு முற்றத்து லைட்டை அணைப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் இப்போது தங்குவது கிழக்கே காடு பார்த்த ஒரு தோட்டத்து வீடு. மேற்கே நாமக்கல், வடமேற்கே சேலம், இரண்டு வெளிச்சமும் முதுகுப் பக்கம் போய்விடும்.

டெலஸ்கோப் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கென்று விற்கும் மலிவுச் சாமானில் நிற்கிற ஸ்டாண்டே ஆடும். 7x50 அல்லது 10x50 (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில்) பைனாகுலர் ஒன்று போதும். ஸ்வெட்டர், குல்லாய், பிளாஸ்கில் சுக்குக்காப்பி, ஒரு டப்பா கச்சாயம், பவானி ஜமுக்காளம் இரண்டு. ஒன்று விரிக்க, ஒன்று போர்த்த. நின்றுகொண்டு பார்த்தால் பத்து நிமிசத்தில் கழுத்து வலிக்கும், படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

தாளவாடி, ஆசனூர், பர்கூர், வால்பாறை எல்லாம் இருட்டு இன்னும் நல்ல இருட்டுதான். ஆனால் யானை நடமாடும் காடு. திம்பம் பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி ரோட்டில் நின்று பார்ப்பது வேண்டவே வேண்டாம், பிள்ளைகளோடு சுத்தமாக வேண்டாம். அங்கே போனால் வெளிச்சமிருக்கவே தங்குமிடம் சேர்ந்து, அதன் வேலிக்குள்ளேயே பாருங்கள்.

பாப்பா சித்திரையைப் பார்த்த அந்த ராத்திரி, பத்து மணிக்கு சப்தரிஷி மண்டலம் வடகிழக்கே ஏறியிருந்தது. வால் பக்கம் நடுவில் வசிஷ்டர், ஒட்டினாற்போல் சின்னதாக அருந்ததி. அத்தைக்குப் பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "கல்யாணத்தன்னைக்குப் பட்டப்பகல்ல காட்டுனாங்க கண்ணு. தெரியுதுன்னு தலையாட்டுனேன்" என்றார்.

சின்னப் பிள்ளைகள் பதினொரு மணிக்குத் தூங்கிவிடும், விடுங்கள். நாலு மணிக்கு எழுப்புங்கள், அதுதான் முக்கியமான நேரம். தென்கிழக்கே தேள் முழுசாக நிற்கும், நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. அதன் வாலை ஒட்டிப் பால்வீதியின் நடுப்பகுதி புகை மாதிரி எழும்பி நிற்கும். பையன் ஜமுக்காளத்துக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, "மேகம் வந்துருச்சும்மா" என்றான். "மேகம்னா கலையும் சாமி, பாத்துட்டே இரு" என்றார் அத்தை. ஐந்தேகாலுக்குக் கிழக்கு வெளுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.