லேப் பிராக்டிகலில் மட்டும் மார்க் குறைந்தால்

அனாட்டமி (உடற்கூறியல்) பாடத்தில் ஃபிளாஷ் கார்டு வைத்துப் படித்தும் லேப் பிராக்டிகலில் மட்டும் மார்க் குறைகிறது, பாடத்தை டிராப் செய்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபிளாஷ் கார்டை ஓரம் வைத்துவிட்டு, ஓப்பன் லேப் நேரத்தில், அதாவது வகுப்பு இல்லாதபோதும் லேப் திறந்திருக்கும் நேரத்தில், எலும்பைக் கையில் எடுத்துப் படியுங்கள். எழுத்துத் தேர்வில் 85 வாங்கிய நீங்கள் லேப் பிராக்டிகலில் 52-க்கு இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கார்டில் எலும்பு எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். தேர்வு மேசையில் கவிழ்ந்து கிடக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தொடை எலும்பை எடுங்கள். பின்புறம் நீளமாக ஓடும் மேட்டுக்கோடு, அதாவது லீனியா ஆஸ்பெரா, விரலில் தட்டுப்படும். அதை உங்கள் பக்கம் திருப்பி, உருண்டைத் தலை மேலே வரும்படி பிடியுங்கள். தலை இடப்பக்கம் நீட்டினால் அது வலது கால் எலும்பு. இதைச் சட்டென்று சொல்ல வரவில்லையா? சரி, குறை மனப்பாடத்தில் இல்லை, கைப்பழக்கத்தில்தான்.

அப்புறம், பெயர்களை எழுதியும் பாருங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கும் ஆசிரியர்கள் உண்டு.

நர்சிங்குக்காக இந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை எடுக்கிறீர்கள் என்றால், டிராப் செய்யும் முன் நீங்கள் சேரப்போகும் நர்சிங் புரோகிராமின் விதியைப் படித்துவிடுங்கள். டிராப் செய்தால் மார்க் பட்டியலில் விழும் 'டபிள்யூ'வும் (W, பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) சில இடங்களில் பாடத்தை எடுத்த ஒரு முயற்சியாகக் கணக்கில் வரும்.