வேலை முடிந்த கிட் பிராஞ்ச்களை அழிப்பதா, எடுத்து வைப்பதா?

கிட்டில் (குறியீட்டின் பதிப்புகளைக் காத்துவைக்கும் மென்பொருள்) உங்கள் ரெப்போவில், அதாவது திட்டக் களஞ்சியத்தில், நூற்றுக்கணக்கான பழைய பிராஞ்ச்கள் (தனித்தனி வேலைக் கிளைகள்) குவிந்து கிடக்கின்றன, அழித்தால் வரலாறு போய்விடுமா, ஒதுக்கி வைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட்டில் பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் (சேமித்த ஒரு மாற்றப் பதிவின்) 40 எழுத்து ஹாஷை, அதாவது அடையாளக் குறியைச், சுட்டும் பெயர் மட்டுமே. பெயரை அழித்தால் கமிட் உடனே அழியாது. வேறு பிராஞ்ச் அல்லது டேக் (கமிட்டுக்கு ஒட்டும் நிலையான பெயர்) வழியாக அந்தக் கமிட்டுக்குப் போய்ச்சேர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தாராளமாக அழிக்கலாம். முடியாவிட்டால், அழிப்பதற்கு முன் அதற்கு இன்னொரு பெயர் வைத்துவிட வேண்டும்; பெயரே இல்லாத கமிட் பிற்பாடு அழிந்துபோகலாம். சப்வெர்ஷன் என்ற இன்னொரு பதிப்பு மென்பொருளில் அழித்த பிராஞ்சைப் பழைய ரிவிஷன் எண்ணைக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். அந்தத் தைரியம் கிட்டில் வேண்டாம்.

முதலில் ப்ரூன் ஆப்ஷனோடு (சர்வரில் அழிந்த பெயர்களை உங்களிடமும் நீக்குவது) ஃபெட்ச் செய்யுங்கள், அதாவது சர்வரின் புதிய நிலையை இறக்குங்கள். பிறகு ‘மெர்ஜ்டு’ ஆப்ஷனைப் போட்டு, மெயினில் (முதன்மை பிராஞ்சில்) கலந்துவிட்ட ரிமோட் (சர்வரில் உள்ள) பிராஞ்ச்களைப் பட்டியலிடுங்கள். அதில் வருபவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சிக்கல் ஸ்குவாஷ் மெர்ஜில்தான், அதாவது பிராஞ்சின் கமிட்களை ஒன்றாகச் சுருக்கிக் கலப்பதில். ஸ்குவாஷ் செய்தால் மெயினில் புதிதாக ஒரு கமிட் உருவாகும்; பழைய பிராஞ்சுக்கும் அதற்கும் பேரன்ட் தொடர்பு (முந்தைய கமிட் என்ற இணைப்பு) இருக்காது. அதனால் வேலை முழுதும் உள்ளே வந்திருந்தாலும் ‘மெர்ஜ்டு’ பட்டியலில் அந்த பிராஞ்ச் வராது. கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்டின் (மெயினில் கலக்கக் கேட்கும் கோரிக்கையின்) நிலையைப் பார்ப்பது சுலபம். அது இல்லையென்றால், மெயினில் நின்று ‘நோ கமிட்’ (--no-commit), ‘நோ எஃப்எஃப்’ (--no-ff) இரண்டையும் போட்டு அந்த பிராஞ்சை மெர்ஜ் செய்து பாருங்கள். ஸ்டேஜில் (கமிட்டுக்குத் தயாராக இருப்பவற்றில்) ஒரு மாற்றமும் இல்லையென்றால் எல்லாம் வந்துவிட்டது. பார்த்ததும் அந்த மெர்ஜை அபார்ட் செய்து (கைவிட்டு) விடுங்கள். அதே வரிகளைப் பின்னால் யாராவது மாற்றியிருந்தால் கான்ஃப்ளிக்ட் (முரண்பாடு) வரும். அப்போது கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.

பிராஞ்ச் கட்டளையில் சின்ன ‘டி’ (-d) போட்டு அழித்தால், கலக்காத வேலையைக் கிட் காப்பாற்றும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. அப்ஸ்ட்ரீம் (அந்த பிராஞ்சோடு இணைத்த ரிமோட் பிராஞ்ச்) இருந்தால் கிட் அப்ஸ்ட்ரீமோடுதான் ஒப்பிடும். புஷ் செய்த (ரிமோட்டுக்கு அனுப்பிய) பிராஞ்ச் என்றால், மெயினில் கலக்காவிட்டாலும் ஒரு எச்சரிக்கையோடு அழித்துவிடும். பிறகு வேறொருவர் ரிமோட்டையும் சுத்தம் செய்தால் இரண்டு இடத்திலும் போச்சு.

கலக்காத, ஆனால் பிறகு தேவைப்படலாம் என்று தோன்றும் வேலைக்கு அனோட்டேட்டட் டேக் (மெசேஜோடு கூடிய டேக்) போடுங்கள். பெயர் ‘ஆர்க்கைவ்/பிராஞ்ச்-பெயர்’ என்று இருக்கட்டும். ஏன் நிறுத்தினோம், டிக்கெட் எண் என்ன என்பதை டேகின் மெசேஜில் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு வரிதான் துணை. லோக்கல் பிராஞ்ச் பின்தங்கியிருக்கலாம், ஆகவே ஆரிஜினில் (ரிமோட்டில்) உள்ள பிராஞ்சின் நுனியின், அதாவது கடைசிக் கமிட்டின், மேல் போடுங்கள். அடுத்து டேகைத் தனியாகப் புஷ் செய்ய வேண்டும், சாதாரண புஷ் டேக்களைக் கொண்டுபோகாது. எல்எஸ்-ரிமோட் கட்டளையால் ரிமோட்டின் டேக்களைப் பட்டியலிட்டு, ^{} என்று முடியும் வரியின் (டேக் சுட்டும் கமிட்டைக் காட்டுவது) ஹாஷ் பிராஞ்ச் நுனியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்திய பிறகே ரிமோட் பிராஞ்சை அழியுங்கள்.

ஏற்கெனவே மெயினில் கலந்தவற்றுக்கு இப்படி டேக் போடாதீர்கள். பில்டில் பதிப்பு எண்ணுக்கு ‘கிட் டிஸ்க்ரைப்’ (அருகிலுள்ள டேகின் பெயரைத் தரும் கட்டளை) பயன்படுத்தினால், வெளியீட்டு டேகுக்குப் பதில் இந்த ஆர்க்கைவ் டேகைப் பிடித்துக்கொள்ளும். போட்டுவிட்டீர்கள் என்றால் ‘மேட்ச்’ ஆப்ஷனில் வெளியீட்டு டேக்களை மட்டும் கேளுங்கள்.

தவறி அழித்தால்? உங்கள் கணினியில் அந்த பிராஞ்சுக்கு எப்போதாவது மாறியிருந்தால் ஹெட்டின் ரெஃப்லாகில் (நீங்கள் நின்ற கமிட்களின் குறிப்பேட்டில்) ஹாஷ் கிடைக்கும். எந்தப் பெயரிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுக்கான பதிவு, இயல்பான அமைப்பில் 30 நாளில் காலாவதியாகும். சர்வரில் உள்ள ‘பேர்’ (bare, வேலைக் கோப்புகள் இல்லாத) ரெப்போவில் ரெஃப்லாக் இயல்பாக இயங்காது, அதை நம்ப வேண்டாம். கிட்ஹப் என்றால் மூடிய புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் பிராஞ்சை மீட்கும் பட்டன் இருக்கும்.

வாடிக்கையாளரிடம் இன்னும் ஓடும் பதிப்பின் ரிலீஸ் பிராஞ்சைத் தொடாதீர்கள். கிட்ஹப்பில் அதைப் பூட்டி, படிக்க மட்டும் விடலாம்.

சுத்தம் செய்ததும் குழுவினர் எல்லோரையும் ப்ரூன் செய்யச் சொல்லுங்கள். ‘லாகின்’ என்ற பிராஞ்சை அழித்துவிட்டு யாராவது ‘லாகின்/ஓடிபி’ என்று புதிதாகத் தொடங்கினால், பழைய ரிமோட் பெயரை இன்னும் வைத்திருப்பவருக்கு ஃபெட்ச் செய்யும்போது ரெஃபை (பிராஞ்ச் பெயரை) பூட்ட முடியவில்லை என்று பிழை வரும். கிட் பிராஞ்ச் பெயர்களைக் கோப்புகளாக வைக்கிறது; ஒரே பெயர் கோப்பாகவும் ஃபோல்டராகவும் இருக்க முடியாது என்பதுதான் காரணம். ‘ரிமோட் ப்ரூன் ஆரிஜின்’ ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.